ஆபரேட்டர் வீட்டுக் குடம்

எங்கள் வீட்டில் ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. அப்பா அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அம்மன் கோயில் கிணற்றுக்குப் போன முதல் நாளே எனக்கு உறுத்தியது. அவர்தான் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் ஆபரேட்டர். ஆற்றங்கரை உறைகிணற்றிலிருந்து தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிடுகிறவர். அவர் வீட்டுக்கு எதற்குக் கிணற்றுத் தண்ணீர்? கேட்டதற்கு, ருசியாக இருக்கும், பேசாமல் குடியுங்கள் என்றார். அப்பா ருசி பார்த்துச் சாப்பிட்டு நான் கண்டதே இல்லை. பஞ்சாயத்தில் யாரோடோ மனத்தாங்கல் என்று அம்மா நினைத்தாள். நான் அவரையே நோட்டம் விட்டேன். குழாயடியில் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து முகர்ந்து பார்ப்பார்; நான் வந்தால் முகம் கழுவுவார். செப்டிக் டேங்க் லாரி ஓட்டும் என் தாய்மாமா வந்தபோது, அவரைத் தனியே கூட்டிப்போய் ஏதோ கெஞ்சினார். மாமா சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம் தெருவில் வீட்டுக்கொருவர் வாந்தியும் பேதியுமாகப் படுத்தார்கள். எதிர்வீட்டு அத்தையின் மகள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எங்கள் வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தெருவே எங்கள் குடத்தைப் பார்க்க ஆரம்பித்தது.

ஒரு காலையில் அத்தை குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்து வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்க தொறந்து விடுத தண்ணிதானே. ஒரு மடக்கு குடிங்க, பாப்போம்."

அப்பா வாங்கி உதடு வரை கொண்டுபோனார். வாசலில் நின்ற அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தம்ளரைத் தரையில் கவிழ்த்தார்.

"யாரும் குடிக்காதீங்க. எம் மச்சினன் உறைகிணத்துக்கு மேல ஆத்துல லாரியக் கொட்டுதான். கண்ணால பாத்தேன். சொல்லியும் கேக்கல."

அம்மாவுக்கு ஒரே தம்பி. அடுத்த மாதம் என் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவர வேண்டியவர். அப்பா நேரே போய் வால்வை அடைத்துவிட்டுப் போலீசிலும் சொன்னார். சொல்லிவிட்டாரே என்று எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்த ஒரு வாரம் ஊரைக் குடிக்கவிட்டு எங்களுக்கு மட்டும் கிணற்றைக் காட்டினாரே என்று வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை. மாமா கல்யாணத்துக்கு வரவில்லை. சீர்த் தட்டை யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பா தூக்கி வந்தார்.

இப்போது ஆற்றில் யாரும் கொட்டுவதில்லை. அத்தைகூடத் தயங்காமல் குழாயில் பிடிக்கிறாள். ஆனால் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், அதே நீலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கோயில் கிணற்றிலிருந்து வருகிறாள். வீட்டிலேயே தண்ணீர் வருகிறதே அம்மா என்றால், உள்ளே இருக்கும் அப்பாவுக்குக் கேட்கும்படி சொல்வாள்:

"அவரு தொறந்து விடுத தண்ணி எனக்கு வேண்டாம்ட்டி."