பெற்றோருக்கு ஓர் ஒத்திகை

பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஒருபோதும் பெரிய பாடாக இருந்ததில்லை. பயப்படுகிற பிள்ளையைப் படியில் உட்கார வைத்து, தண்ணீரில் காலை ஆட்டச் சொல்வேன். பயமே இல்லாத பிள்ளையை ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வேன். ஒரு மாதத்தில் இரண்டு வகையும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். பெற்றோர் விஷயம் அப்படியில்லை. அவர்கள் குளத்துக்கு வெளியே, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நம்மைவிட அதிகமாக மூச்சு வாங்குவார்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருக்கிற குளத்தில் நான் பயிற்சியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நன்றாக நீந்துகிற ஆறு பேரை முதல்முறையாக ஒரு போட்டிக்கு அழைத்துப் போவது என்று முடிவு செய்தேன். எல்லாரும் எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள். நகரத்துக்குள் ஐம்பது மீட்டர் குளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி. வாட்ஸ்அப்பில் பெற்றோர் குழுவுக்கு நாலே வரியில் செய்தி போட்டுவிட்டு டீ போடப் போனேன்.

டீ கொதிப்பதற்குள் போன் அதிர ஆரம்பித்துவிட்டது. 'மேடம், காலையில பால் குடுக்கலாமா, வாந்தி வருமா?' 'மேடம், இடுப்புல கயிறு கட்டியிருக்கு, கழட்டணுமா?' 'இந்த சர்ட்டிஃபிகேட் காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா?' கடைசிக் கேள்வியைக் கேட்டவருடைய மகன் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். இன்னொரு அம்மா, பெரியப்பா வீட்டையும் சேர்த்துப் பதினோரு பேர் வருவதாகவும், எல்லாருக்கும் நிழலில் இடம் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்.

முடிச்சூரிலிருந்து மகளைக் கூட்டிவரும் ஒரு அப்பா கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு எக்செல் கோப்பை அனுப்பியிருந்தார். நான்கு மாதமாக மகள் நீந்திய நேரம் முழுவதும் அதில் இருந்தது. குறைந்த நாளுக்குப் பச்சை, கூடிய நாளுக்குச் சிவப்பு. கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டுதான் அவர் குளத்துக்கே வருவார். ஐ.டி. கம்பெனியில் வேலை. அமைதியான மனிதர். ஆனால் அந்தப் பெண் சுவரைத் தொட்டதும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது என்னை அல்ல, அப்பாவின் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைத்தான்.

அந்தக் கோப்பைப் பார்த்தபோது எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. நான் பதினோரு வயதில் முதல் போட்டிக்குப் போனேன். ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தேன். அப்பா கணக்கு வாத்தியார். திரும்பி வரும்போது, மின்சார ரயிலில் தாம்பரம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பல்லாவரத்தில் வேர்க்கடலை வாங்கி என் மடியில் வைத்தார், அவ்வளவுதான். அவர் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்தேன். நான் வருத்தத்தில் இருக்கிறேன், பேசினால் அழுதுவிடுவேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இது எனக்குத் தெரியவே பத்து வருடம் ஆனது. "என்ன சொல்றதுன்னே தெரியலம்மா. யாராவது முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே.

அதனால் பிள்ளைகளுக்கு வைப்பதுபோலப் பெற்றோருக்கும் ஓர் ஒத்திகை வைத்துவிடலாம் என்று தோன்றியது. போட்டிக்கு முந்தைய வாரம், ஒரு மாலை எல்லாரையும் வரச் சொன்னேன்.

குளத்தைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தோம். பிள்ளைகள் தண்ணீருக்குள், பெற்றோர் வெளியே. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். இட்லி கொடுங்கள், பூரி வேண்டாம். தொப்பியும் கண்ணாடியும் இரண்டிரண்டு எடுத்து வையுங்கள். காலை ஆறு மணிக்குப் போனால் பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த நாலு மணி நேரமும் பிள்ளை வெயிலில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் மார்க்கரால் போட்டி எண் எழுதுவார்கள், அதை அழித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரப் பயணம், நாலு மணி நேரக் காத்திருப்பு, கடைசியில் ஒரு நிமிட நீச்சல். கண்ணைச் சிமிட்டினால் போய்விடும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் கடைசி நாற்காலியில் இருந்த அக்கா.

அவரை எனக்கு மற்ற எல்லாருக்கும் முன்பே தெரியும். கோவிலம்பாக்கத்தில் சாலையோரம் மீன் விற்பவர். நான் அவரிடம்தான் சங்கரா வாங்குவேன். அவர் கணவருக்குக் கடலோரக் கிராமத்தில் படகு இருக்கிறது. ஒருநாள், நான் நீச்சல் சொல்லிக்கொடுப்பது தெரிந்ததும், தராசைக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணு நாள் பூரா கடல்ல கெடக்குறா. அவளுக்கு ஒழுங்கா நீந்த சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். அந்தப் பெண் வந்த முதல் வாரத்திலேயே, அலையே இல்லாத தண்ணீர் போரடிக்கிறது என்று என்னிடம் புகார் சொன்னாள்.

"கேளுங்க அக்கா" என்றேன்.

"புள்ள தோத்துட்டு வந்தா இன்னா சொல்றது? அத்த சொல்லவே இல்லியே நீ."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுதி வைத்திருந்த ஒன்றரைப் பக்கத்தில் அது இல்லை.

"பசிக்குதான்னு கேளுங்க" என்றேன். "டைம் என்ன, எத்தனாவது, ஏன் லேட்டு, எதுவும் வேண்டாம். முதல்ல துண்டு, அப்புறம் சாப்பாடு. பேச்சை அவங்களே ஆரம்பிப்பாங்க."

முடிச்சூர் அப்பா அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

அடுத்ததுதான் நான் யோசித்து வைத்திருந்த முக்கியமான பகுதி. பிள்ளைகள் குதிக்கிற மேடையில் பெற்றோர் ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். குதிக்க வேண்டாம். நான் நீண்ட விசில் கொடுப்பேன், 'டேக் யுவர் மார்க்ஸ்' என்பேன். குனிந்து, மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கீழே இருந்து பிள்ளைகள் பார்ப்பார்கள்.

முதலில் ஏறிய அம்மா ஒருவர் குனியவே மறுத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினார். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா குனிந்துவிட்டார், ஆனால் நிமிர முடியவில்லை. நானும் இன்னொருவரும் பிடித்துத் தூக்கினோம். பிள்ளைகள் தண்ணீருக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீன்கார அக்காவைக் கூப்பிட்டால், "ஐயோ, எனக்கு வேணாம்மா. எங்க காலத்துல ஊர்ல ஆம்பளைங்கதான் நீந்துவாங்க. முட்டிக்கு மேல தண்ணில நின்னதில்ல நானு" என்று நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடலோரத்துப் பெண்ணுக்கு நீச்சல் தெரியாது என்பது மற்றவர்களுக்கு நம்ப முடியாத செய்தியாக இருந்தது.

முடிச்சூர் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். நான் விசில் ஊதினேன். அவர் தண்ணீரைப் பார்த்தார். அதோடு சரி. குனியவில்லை, இறங்கவும் இல்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அப்பா, எறங்கிடுங்கப்பா. பரவால்ல" என்றாள் மகள், தண்ணீருக்குள் இருந்து. "எனக்கும் ஃபர்ஸ்ட் அப்படித்தான் இருந்துச்சு."

அவர் பின்பக்கமாகக் காலை வைத்து இறங்கினார். வேர்த்துவிட்டது. "சாரி மேடம்" என்றார். அவள் குளத்திலிருந்து ஏறி வந்து ஈரக் கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றவர்கள் கலைந்த பிறகு அவர் படியில் உட்கார்ந்து சொன்னார். சென்னைப் பெருவெள்ளத்தின்போது மனைவிக்கு ஏழு மாதம். இந்தப் பெண்தான் வயிற்றில். முதல் மாடி வரை தண்ணீர். இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் படகில் வெளியே வந்திருக்கிறார்கள். "அப்பவே முடிவு பண்ணிட்டேன் மேடம், இவளுக்கு நீச்சல் தெரியணும்னு. எனக்கு மட்டும் இன்னும் தண்ணியப் பாத்தா ஒரு மாதிரி ஆயிடுது."

துண்டால் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த மீன்கார அக்கா திரும்பினார். "படகு எடுத்துக்கினு வந்தாங்களே, அதுவா சார்? எங்க ஆளுங்கதான் அது. எங்க வூட்டுக்காரரும் வந்தாரு."

"முடிச்சூருக்கா?"

"யாருக்குத் தெரியும்? அவரையே கேட்டேன். தண்ணி நின்னா எல்லாத் தெருவும் ஒண்ணுதான்னுட்டாரு."

முடிச்சூர் அப்பா சிரித்தார். அன்று அவரிடம் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

போட்டிக்கு முந்தைய நாள் மாலையே சர்ச்சில் ஞாயிறு பூசை பார்த்துவிட்டு வந்து, என் பையை மூன்று தடவை சரிபார்த்தேன். மற்றவர்களுக்கு ஒத்திகை வைத்த எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் வேன் புறப்பட்டபோது ஆறு பிள்ளைகளும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்தான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு பேர் குடும்பம் தனி வண்டியில், ஒரு பெரிய குடையோடு பின்னால் வந்தது.

முடிச்சூர்ப் பெண்ணுக்கு ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைல். அவள் பெயரைக் கூப்பிட்டதும் நான் பெற்றோர் உட்கார்ந்திருந்த படிக்கட்டைப் பார்த்தேன். அவர் ஸ்டாப்வாட்சைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் மேடையில் ஏறினாள். அவ்வளவுதான், மனிதர் சட்டென்று குளத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

பக்கத்தில் இருந்த மீன்கார அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "இன்னா சார் நீ, திரும்பு!" என்றார்.

"முடியலைங்க. நீங்க பாருங்க. பாத்து எனக்குச் சொல்லுங்க."

ஹாரன் அடித்தது. அடுத்த ஒரு நிமிடம் அந்த இடம் முழுக்கக் கேட்டது அக்காவின் குரல்தான். சாலையோரம் மீனைக் கூவி விற்கிற குரல். "குதிச்சிட்டா சார்! உள்ள போய்ட்டா... காணோம்... தோ வந்துட்டா! கை போடுறா பாரு! பக்கத்துல ஒரு செவப்புத் தொப்பி முன்னால போவுது, போவட்டும் விடு. பாதி வந்துட்டா சார். மூச்சு எடுக்குறா. நல்லாத்தான் கீறா! செவப்புத் தொப்பி டயர்டாயிட்டா. இவ வுடல சார்... வுடல... தொட்டுட்டா!"

அவர் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. ஸ்டாப்வாட்சில் பூஜ்ஜியம். அழுத்தவே இல்லை.

மகள் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "அப்பா, எவ்ளோ?"

"தெரியலடா செல்லம்" என்றார். "பசிக்குதா?"

அவள் நான்காவதாக வந்திருந்தாள். அது இருவருக்கும் அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவள் ஐந்து இட்லி சாப்பிட்டிருந்தாள்.

மீன்கார அக்காவின் மகளுக்கு பிரெஸ்ட் ஸ்ட்ரோக். தவளை மாதிரி காலை உதைத்து நீந்துவது. அவளைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும். பாதித் தூரத்திலேயே எல்லாரையும் முந்திக்கொண்டு போய் முதலாவதாகச் சுவரைத் தொட்டாள். அக்கா எழுந்து நின்று குதித்தார். பதினோரு பேர் குடும்பம் குடையை ஆட்டியது. ஆனால் முடிவை அறிவித்தபோது முதல் பெயர் வேறு யாருடையதோ. இவள் பெயர் பட்டியலிலேயே இல்லை.

"டீச்சர், எங்க என் பொண்ணு பேரு?"

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த வகை நீச்சலில் முடிக்கும்போது இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். இவள் ஒரு கையால் தொட்டிருக்கிறாள். தகுதி நீக்கம். நூறு தடவை அவளுக்குச் சொல்லியிருந்தேன். வீட்டாருக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, இப்படி ஒன்று இருக்கிறது என்று. பிள்ளைகளைத் தகுதி நீக்கம் செய்வார்கள் என்பதை ஒத்திகை மாலையில் சொல்லவே எனக்குத் தோன்றவில்லை.

நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா நடுவரிடம் போய்விட்டார். வெள்ளை உடையில் இருந்த வயதான அம்மா அவர். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எம் பொண்ணு முன்னாடி வந்தா. ஊரே பாத்துச்சு."

"முன்னாடிதான் வந்தா, இல்லைன்னு சொல்லலை" என்றார் நடுவர், கோபமே இல்லாமல். எழுந்து நின்று, தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். "இப்படித் தொடணும். உங்க பொண்ணு இப்படித் தொட்டா." இடது கையை எடுத்துவிட்டார்.

"நீயே பாத்தியா?"

"நானே பாத்தேன்மா. பக்கத்துல நின்னேன்."

அக்கா தன் இரண்டு கையையும் அதேபோல மேசைமேல் வைத்துப் பார்த்தார். "தராசுல கண்ணு வச்சவங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மகள் சுவரோரம் துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் சாப்பாட்டுப் பையைத் தேடினேன். அக்கா அவள் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏன்டி, கடவுள் ரெண்டு கை குடுத்திருக்கானே, இன்னொண்ண யாருக்கு வாடகைக்கு வுட்ட?"

துண்டுக்குள் அழுகை நின்றது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது, இப்போது சிரிப்பில்.

அன்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் வெண்கலம் கிடைத்தது, பதினோரு பேர் குடும்பத்துப் பையனுக்கு. அவனைவிடக் குடைதான் அதிகமாகப் புகைப்படத்தில் வந்தது. அக்கா கொண்டுவந்திருந்த வறுத்த நெத்திலி வேனில் கை கையாகப் போனது. முடிச்சூர் அப்பா ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து எடுத்து என் பையில் போட்டு, "நீங்களே வச்சுக்குங்க மேடம், உங்களுக்குத்தான் உபயோகம்" என்றார்.

வேளச்சேரி தாண்டியதும் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. பின் சீட்டில் தடால் தடால் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். மீன்கார அக்காவின் மகள் முன்சீட்டின் முதுகில் இரண்டு கையாலும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கை, ஒரே நேரம். மற்ற ஐந்து பேரும் அவளைப் பார்த்து அதையே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் முடிச்சூர் அப்பாவும் முன்னால் இருந்த சீட்டில் ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

"மேடம், கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார் டிரைவர், கண்ணாடியில் என்னைப் பார்த்து. "சீட்டு பிஞ்சிடும்."

"மேடவாக்கம் வரைக்கும் அண்ணா" என்றேன். "மேடவாக்கம் வந்ததும் நிறுத்திடுவாங்க."

நிறுத்தவில்லை.