அமாவாசைத் தண்ணீரில் எடுத்த அளவு

1. மிளகு

கே.கே. நகரில் ஒரு சிறிய டிசைன் ஆபீஸில் எனக்கு அது இரண்டாம் வருடம். சாயப்பட்டறை நடத்திய துளசிராம் அண்ணன் கழிவுநீருக்குப் புதுத் தொட்டி கட்ட இருந்தார். அடியில் காற்றுக் குழாய்கள் வரும். குமிழ்கள் ஏறும்போது எழும் கொந்தளிப்புதான் சகதியைப் படியவிடாமல் கலக்கும். எத்தனை குழாய், எந்த இடத்தில் என்று கம்ப்யூட்டர் சிமுலேஷனில் சொல்வது என் வேலை. கான்கிரீட்டில் புதைத்துவிட்டால் மாற்ற முடியாது.

எனக்குத் தேவைப்பட்டவை நான்கு: தொட்டியின் அளவு, காற்றின் அளவு, சகதியின் எடை, குமிழின் அளவு. கடைசி அளவுக்காகப் பழைய தொட்டியைப் பார்க்கப் போனேன். தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது; குமிழே தெரியவில்லை.

"அமாவாசைக்கு வாங்கம்மா. பட்டறை லீவு. தொட்டியக் கழுவி நல்ல தண்ணி விட்டிருப்போம், பளிச்சுனு தெரியும்" என்றார் துளசிராம் அண்ணன்.

அன்று ஸ்கேலைத் தண்ணீருக்குள் பிடித்துப் போட்டோ எடுத்தேன். குமிழ்கள் மிளகு அளவு. அதை வைத்து சிமுலேஷனை ஓட்டியதில் ஆறு குழாய் போதும் என்று வந்தது. மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

2. கடுகு

புதுத் தொட்டிக்குத் தளம் போடும் காலை. கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழைய தொட்டியின் மேல் முழங்கால் உயரத்துக்கு நுரை.

"என்னண்ணே, இம்புட்டு நுரை?"

"சாயம் போட்ட நூல சோப்புல அலசாம குடுத்தா, கட்டுன சேல மொத மழையிலயே அழுதுரும்மா."

ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரை மொண்டு குலுக்கினேன். குமிழ்கள் கடுகு அளவே இருந்தன. ஒன்றோடொன்று சேரவும் இல்லை. சின்னக் குமிழ் மெதுவாக ஏறும், தண்ணீரை அவ்வளவாகக் கலக்காது. நான் அளந்தது சோப்பு கலக்காத லீவு நாள் தண்ணீரை.

"அண்ணே, மெஷின நிறுத்தச் சொல்லுங்க. என் கணக்கு தப்பு."

"ஏம்மா, மேஸ்திரி ஆளுகளோட வந்து நிக்காரு. இப்பச் சொல்றீங்களே!"

"இப்பச் சொன்னா சில நாள்தான் கெடும்ண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம் கையைக் காட்டி நிறுத்தினார். மேலாளருக்கு போன் செய்தேன். "எத்தன நாள் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு நாள் ஆயிற்று. கடுகு அளவைக் கொடுத்து ஓட்டியதும் திரையில் இரண்டு மூலைகளில் சகதி படிந்தது. ஒன்பது குழாய், மூலைக்கு நெருக்கமாக வைத்ததும் கலைந்தது. அப்படியே கட்டினார்கள். ஒரு வருடம் கழித்துத் தொட்டியை வடித்தபோது மூலைகள் சுத்தமாக இருந்தன.

அளவை எப்படி எடுத்தோம் என்பதோடு எந்த நாளில் எடுத்தோம் என்பதையும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதுவது அன்று தொடங்கிய பழக்கம். துளசிராம் அண்ணன் தன் மச்சானின் பட்டறைக்கும் என்னையே கூப்பிட்டார். போனில் சொன்னது இவ்வளவுதான்:

"வேல நாள்ல வாங்கம்மா. பழைய சேலையா கட்டிட்டு வாங்க."