நரி முகத்தில் விழித்தவர்

முதல் மணி அடிக்கும் முன்பே பியூன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றான். "சாம்பசிவம் சார் பூட்டாரு சார்" என்றான். சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். அவரிடம் தாவர நூல் படித்த நீங்கள் பலரும் அன்று மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். திடீர் ஜுரம் என்று உங்களிடம் சொன்னார்கள். ஜுரம் இல்லை. அவர் மனைவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை அனுமதி வாங்கிக்கொண்டு கிண்டிக் காட்டுக்குப் போவார். கணக்கு வாத்தியாரான எனக்குக் காடென்றாலே ஆகாது; இருந்தும் என்னையும் ஜட்கா வண்டியில் ஏற்றிவிடுவார். அங்கே விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மட்கும். செத்த மானைக்கூட யாரும் அப்புறப்படுத்துவதில்லை. "கொஞ்சம் வெட்டிச் சுத்தம் பண்ணினால் என்ன ஓய்?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "பண்ணினா அது தோட்டம். தோட்டத்துக்கு ஊர் பூரா இடம் இருக்கே. இங்கேயாவது விட்டு வையும்" என்றார்.

கடைசியாகப் போனது மாசி மாதம். உள்ளே ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. நட்டநடுப் பகலில் புதரிலிருந்து ஒரு நரி வெளியே வந்து எங்களை நோக்கி நடந்தது. கூட வந்த காவல்காரர் காதர் பாய்க்கு ஒரே சந்தோஷம். "நரி மூஞ்சில முழிச்சிட்டே சாரு. இனிமே உனுக்கு யோகந்தான், பாத்துக்கினே இரு" என்றார். நாங்களும் சிரித்தோம். அதிர்ஷ்டம் தானாக நடந்து வரும்போது நம்மில் யார் கல்லை எடுப்பார்கள்? நரியின் வாயில் நீர் ஒழுகியது. குளத்தில் குடித்துவிட்டு வருகிறது என்று நினைத்தோம். அது நேரே வந்து சாம்பசிவத்தின் கெண்டைக்காலைக் கடித்தது. பிறகு ஓடவில்லை. வந்த நடையிலேயே போய்விட்டது. அந்த நடைதான் என்னை மிரட்டியது.

ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளும்படி வழியெல்லாம் கெஞ்சினேன். "எது கடிச்சதுன்னு கேப்பா. சொன்னா நாளைக்கே துப்பாக்கியோட போய் இருக்கிற நரியெல்லாம் சுட்டுத் தள்ளுவா" என்றார். நாய் என்று சொல்லுமேன் என்றேன். "அப்போ தெருவில நாயை அடிப்பா. சும்மா வாரும், ஒரு கீறல்." காயத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டார். வீட்டில் கேட்டதற்கு முள் கிழித்தது என்றார். மறுநாளும் போய்ச் சண்டை போட்டேன். மனுஷர் அசையவில்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். டம்ளரைத் தொட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தொண்டை கட்டிண்டிருக்கு" என்றார். கழுத்து நரம்பு துடித்தது. அன்றே டாக்டரைக் கூட்டிவந்தேன். நரியின் வெறி இவருக்கும் ஏறிவிட்டது, இனி ஊசி போட்டும் பயனில்லை என்று அவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்தபின் தனியாகக் கிண்டிக்குப் போனேன். நடந்ததைக் கேட்டுக் காதர் பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "அந்த நரி அப்பவே கொளத்தாண்ட செத்துக் கெடந்திச்சு சாரு. நீங்க வந்துட்டுப் போன ரெண்டாம் நாளே" என்றார்.

மற்ற நரிகளை யாரும் சுடவில்லைதான். அவர் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அவர் மனைவி தனியாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பள்ளிக்கூடத்துப் பின்புறம் அவர் வெட்ட விடாத புதர் மூலை ஒன்று உண்டு. போன வாரம் அரிவாளோடு ஆள் வந்தபோது, வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பினேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். உள்ளே என்ன குடியிருக்கிறதோ தெரியாது. ஏதாவது கடித்தால், எது கடித்தது என்று மறைக்காமல் முதலில் என்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வகுப்பிலும் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.