பட்டன் அண்ணனின் கட்டைவிரல்

லிஃப்ட் வந்து நின்று கதவும் திறந்துவிட்டது. அவர் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறார். உள்ளே ஏறியதும் மூன்றாம் மாடிக்கு ஓர் அழுத்து, கதவை மூட ஓர் அழுத்து, மூடிய பிறகு சந்தேகத்துக்கு இன்னொன்று. நான்காம் மாடிக்காரனான எனக்குப் பலகையில் விரல் வைக்க இடம் கிடைப்பதில்லை. "வந்துரும், வந்துரும்" என்று லிஃப்டுக்காக எனக்கு ஆறுதல் சொல்கிறார். நாங்கள் இருவரும் அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பட்டன் அண்ணன் என்று பெயர். பகலில் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே வைங்க... அசையக் கூடாது... ம், விடுங்க" என்று நாள் முழுக்க ஊரை அசையாமல் நிறுத்துகிற மனிதருக்குத் தாம் மட்டும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தேநீர் குடிக்கும்போது முழங்கால் ஆடும். பேசும்போது வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டே இருக்கும். தட்டினால் முனை நீளும் பேனாக்களை அவர் மனைவி வீட்டுக்குள் விடுவதில்லை. நான் அக்கா என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், டிவி ரிமோட்டையும் பீரோவில் புடவைகளுக்கு அடியில்தான் வைத்திருக்கிறார். "இவர் கையில குடுத்தா ஒரு பாட்டு முழுசா கேக்க முடியாது தம்பி. நாலு சேனல் தாண்டிப் போயிருப்பாரு."

கூடைப்பந்து லீக் தொடங்கிவிட்டால் மாலைகளில் அவருக்கு வேறு வேலை. ஆடுகளத்தின் ஓரத்தில் நீள மேசை. புள்ளி எழுதுபவர், ஆட்ட நேரம் பார்ப்பவர், அவர்களுக்கு அடுத்து இவர். இவர் கையில் ஒரு சின்னப் பெட்டி. பந்து கிடைத்த அணி இருபத்துநான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். பந்து உள்ளே போகாவிட்டாலும் வளையத்தையாவது தொட வேண்டும். தொட்டால் இவர் பொத்தானை அழுத்துவார், அந்த அணிக்கு மறுபடி நேரம் கிடைக்கும். வளையத்தைத் தொடாமல் பின்னாலிருக்கும் பலகையில் மட்டும் பட்டால் அழுத்தக் கூடாது. ஓடுகிற நேரம் ஓடித் தீர்ந்து ஹாரன் அடித்துவிடும். ஆட வருகிற பிள்ளைகள் பனைமர உயரம். பந்துக்காக எம்பும் அத்தனை கைகளுக்கு நடுவே அது எதில் பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அண்ணனின் சாயங்கால வேலை. கால்சட்டைக்குள் முழங்கால் ஆடும். கட்டைவிரல் மட்டும் அங்கே சொன்னபடி கேட்கும்.

மேசையில் இருப்பவர்கள் கை தட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அவருக்கு நேர் பின்னே மூன்றாவது வரிசையில் நானும் அக்காவும். அக்கா எங்கள் அணியின் மஞ்சள் பனியனைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு வருவார். மருந்துக்கடை வேலையில் காலையிலிருந்து நின்ற கால்வலி, விசில் ஊதியதும் எங்கே போகுமோ தெரியாது. எதிரணிக்காரன் பந்தைத் தொட்டால் அவன் பாட்டன் பூட்டனெல்லாம் அரங்கத்துக்கு வந்து போவார்கள். "கட்டினவ இங்க தொண்டை கிழியக் கத்துறேன். அந்த மனுஷன் கட்டை மாதிரி உக்காந்திருக்காரு பாரு!" என்று என் தோளில் ஓர் அடி விழும். அண்ணனுக்கும் எங்கள் அணி என்றால் உயிர். பந்து கூடையில் விழும்போது அவருடைய காது மட்டும் சிவக்கும். எனக்கு அது தெரியும்.

இந்தப் பருவம் எங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இழுபறி. கடைசி இடத்தில் முடிக்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். இறங்கினால் அடுத்த வருடம் லீக் ஆட்டம் எதுவும் இந்த ஊருக்கு வராது. மேசையும் வராது, அண்ணனுக்கு நாற்காலியும் இருக்காது. இரண்டாவது ஆட்டத்தில் ஒற்றைப் புள்ளியில் தப்பிப் பிழைத்து ஜெயித்தோம். பட்டாசு வெடிக்காத குறை. அன்று வீடு திரும்பும் வழியில் அண்ணன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தை அக்கா வெகு நாள் கழித்துத்தான் சொன்னார். அந்த இரண்டாவது ஆட்டத்தில் கடைசிக் கூடைக்கு முன்னால் பந்து பலகையில் மட்டும்தான் பட்டதாம். இவர் அழுத்திவிட்டார். ஆசை விரலை முந்திக்கொண்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கக் கூடாத நேரம் கிடைத்தது, அதில் பந்தைப் போட்டார்கள். நடுவர் கவனிக்கவில்லை, எதிரணியும் கேட்கவில்லை. "லீக்குக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்னு குதிச்சாரு. நான்தான் விடல. ஜெயிச்ச ஆட்டத்தை எவனாவது போய்த் திருப்பிக் குடுப்பானா? பேசாம படுங்கன்னேன்."

அவர் படுத்தார், தூங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்குக் குறுகுறுப்பு விரலுக்கு இறங்கிவிட்டது. லிஃப்டை மூன்று தடவை அழுத்தும் பழக்கம் அப்போது வந்ததுதான். ஆட்ட நாட்களில் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர்போல் சீக்கிரமே அரங்கத்துக்குப் போய், காலி ஆடுகளத்தில் கூடைக்குக் கீழே நின்று வளையத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "என்னண்ணே, கூடை அங்கேயேதான் இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். நடுவில் ஐந்தாறு ஆட்டங்கள் வரிசையாகத் தோற்றோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பனியனைத் துவைத்துக் காயப்போட்டார்.

கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் லீக்கில் நிலைப்போம், தோற்றால் இறங்குவோம். முடிய அரை நிமிடம்கூட இல்லாதபோது ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். எங்கள் ஆள் எறிந்தான், பந்து திரும்பி வந்தது. எங்கள் நெட்டையன் அதைப் பிடித்தான். அண்ணனின் விரல் அசையவில்லை. இருபத்துநான்கு நொடி தீர்ந்து ஹாரன் அலறியது. நெட்டையன் காதில் வாங்காமல் பந்தைக் கூடைக்குள் திணித்தான். அரங்கம் கூரையைப் பிய்த்தது.

நடுவர் மேசையை நோக்கி ஓடி வந்தார். அவர் நின்ற பக்கத்திலிருந்து வளையத்தை இரண்டு ஆட்டக்காரர்களின் முதுகுகள் மறைத்திருந்தன.

"ரிங்ல பட்டுச்சா?"

பட்டது, நான்தான் அழுத்தத் தவறிவிட்டேன் என்று சொன்னால் போதும். கூடை செல்லும், ஊர் தப்பும், நாற்காலி தப்பும். கை தவறுவது மனிதர்க்கு இயல்பு, கேட்பாரும் இல்லை. எனக்குப் பக்கத்தில் அக்கா எழுந்து நின்று, "பட்டுச்சு! பட்டுச்சு!" என்று கத்தினார். அண்ணன் திரும்பவில்லை.

"படல சார். பலகைல மட்டும்தான்."

நடுவர் கையை வீசிக் கூடையை ரத்து செய்தார். எதிரணி பந்தை வாங்கி, கட்டிப்பிடித்துக்கொண்டு மிச்ச நேரத்தை ஓட்டியது. நாங்கள் இறங்கினோம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பொய் சொல்வானேன்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட மனிதர் என்று வாய்விட்டே திட்டினேன். லிஃப்டில் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சில நாள் நான்கு மாடியும் படியேறினேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மருத்துவமனைக்குக் கைமுறிவோடு வந்த ஒரு லாரி ஓட்டுநர், "நீங்கதானே அந்தப் பட்டன்? எனக்குக் கைதான் உடைஞ்சுது. நீங்க ஊரோட நெஞ்சையே உடைச்சுட்டீங்க" என்றாராம். அண்ணன், "அசையாதீங்க, படம் கலைஞ்சிடும்" என்றாராம். அக்கா வீட்டில் வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாடியில் தட்டு வைக்கிற சத்தம் நான்காம் மாடிக்குக் கேட்டது.

லீக்கின் இறுதி ஆட்டத்தன்று அக்கா படியேறி வந்தார். "கீழ வா தம்பி, எங்க டிவி பெருசு." அண்ணனோடு தனியாக உட்கார அக்காவுக்கு மனமில்லை என்பது புரிந்தது. போனேன். யாரோ இரண்டு ஊர்க்காரர்கள் ஆடினார்கள். சோபாவின் ஒரு முனையில் அண்ணன், மறுமுனையில் அக்கா, நடுவில் வேலிக்குத் தோதாக நான். அண்ணனின் முழங்கால் ஆடி சோபாவே நடுங்கியது. விரல் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

ஆட்டம் சூடான நேரத்தில் ஒருவன் எறிந்த பந்து திரும்பி வந்தது. வர்ணனை செய்த இருவரும் பட்டது, படவில்லை என்று அடித்துக்கொண்டார்கள். அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"பட்டுச்சா?"

அண்ணனின் முழங்கால் நின்றது. "படல."

அதை மெதுவாக மறுபடி காட்டுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். படுக்கையறையில் பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் அண்ணனின் வலது கையை விரித்து ரிமோட்டை வைத்தார்.

"சத்தம் பத்தல. கூட்டுங்க."

அண்ணன் ரிமோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒருமுறை அழுத்தினார். சத்தம் ஒரு படி கூடியது. இரண்டாம் முறை அழுத்தப் போன கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு, என் மடியைத் தாண்டிக் கை நீட்டி, ரிமோட்டை அக்காவின் பக்கத்தில் வைத்தார்.