யுரேனஸுக்கு ஒரு ஆமென்

போன மாதம் கள்ளக்குறிச்சியில், அறுபதைத் தொட்டவர்களுக்கென்று நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஓர் இளைஞர் யுரேனஸ் கிரகத்தைத் திரையில் காட்டிப் பேசினார். பனியும் வாயுவுமான பிரம்மாண்ட உருண்டை. பச்சையா நீலமா என்று அடித்துச் சொல்ல முடியாத நிறம். அவர் முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் "ஆமென்" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் சொல்லாத காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வேளையில் முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஓர் அக்காதான் டீச்சர். அம்மா களையெடுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, என் பழைய சிலேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்புவாள்.

"படிச்சி கலெக்டராவப் போறியா?" என்பார் அப்பா.

"ஆயிட்டா, மொத ஆர்டரு ஒன்ன கல்வராயன் மலைக்கு மாத்தறதுதான்" என்பாள் அம்மா. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.

ஆறு மாதம் போனது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தது. பெண்கள் நிஜமாகவே படிக்கிறார்களா என்று பார்ப்பாராம். படித்தால் வகுப்பு தொடரும், இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்களாம். டீச்சரக்கா அட்டைகளில் பெரிய பெரிய எழுத்தாகச் சின்னப் பாடங்கள் எழுதினார். எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். கோழி வளர்ப்புக்கு அடிதடியே நடந்ததாம். அம்மா, ஒருத்தரும் தொடாத யுரேனஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கும்மா இத எடுத்த? கோழின்னா ஒனக்குத் தெரியும்ல?"

"கோழியத்தான் தெனம் பாக்கறனே. இத நான் எங்கடி பாக்கப் போறேன்?"

பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். 'கிரகம்' என்ற சொல்லில் 'கி'யை விட்டு 'ர'வுக்கு வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் எனக்கொரு யோசனை உதித்தது. எழுத்தே தெரியாத காலத்திலிருந்து அம்மாவுக்கு அத்தனை செபமும் மனப்பாடம். கோயிலில் புத்தகம் வைத்திருப்பவர்கள்கூடத் தடுமாறுவார்கள், அவள் தடுமாற மாட்டாள்.

"நீ படிக்கவே வேணாம்மா. நான் சொல்லச் சொல்ல திருப்பிச் சொல்லு, போதும்" என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருந்தாலும் சொன்னாள். இரண்டே நாளில் முழுப் பாடமும் வாயில் ஏறிவிட்டது. அடேயப்பா, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதிகாரி வந்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அம்மாவின் முறை வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை ஓட்டுக்கூரையில் பதித்து, சூரியனுக்கு ஏழாவதாக இருக்கும் யுரேனஸையும் அதன் குளிரையும் செபமாலை ராகத்தில் இழுத்து இழுத்துச் சொன்னாள். கடைசி வரி முடிந்ததும், வாய்ப் பழக்கம், "ஆமென்" என்றாள். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள். மாரியம்மன் கோயில் தெருப் பெண்கள், எதற்கு வம்பு என்று ஒரு கும்பிடு போட்டுவைத்தார்கள்.

அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல மனிதர், சிரிப்பில் ஏளனம் இல்லை. "நல்லா சொன்னீங்கம்மா. படிக்கவும் வருமா?" என்று கேட்டு, அட்டையின் நடுவே ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சரக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் ஜன்னலில் நின்று வாயசைத்தேன். அம்மா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டையில் விரலை வைத்தாள்.

"அதன்... து...ரு...வத்...தில்... நாற்...பத்...திரண்டு ஆண்டு இ...ருள். பிற...கு... நாற்பத்...திரண்டு ஆண்டு வெளிச்...சம்."

நிறுத்தினாள். யாரும் கேட்காமலே அதே வரியை மறுபடி படித்தாள். இந்தத் தடவை தடங்கல் இல்லை.

"புரியுதாம்மா?"

"புரியாம இன்னாங்க. மத்ததெல்லாம் பம்பரமாட்டம் நின்னுக்கினு சுத்துது. இது மட்டும் படுத்துக்கினு உருளுது. அதான் ஒரு பக்கம் வெயிலே படாம கெடக்குது. ஆனா அதுக்கும் ஒரு நாள் விடியும்ங்க."

அதிகாரி நோட்டைத் திறந்து வயதைக் கேட்டார்.

"நாப்பத்தி ரெண்டுங்க" என்றாள் அம்மா, பட்டென்று.

வகுப்பு பிழைத்தது. அதற்கப்புறம் அம்மா கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். உளுந்தூர்பேட்டைக்குப் போனால் பஸ் போர்டுகளை உரக்கப் படித்து என் மானத்தை வாங்கினாள். எனக்குக் கல்லூரி விண்ணப்பம் வந்தபோது வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அந்த டீச்சரக்காவையும், தொட்டுக் காட்டிய அந்த அதிகாரியையும் நன்றியோடு நினைக்காமல் எனக்கு ஒரு ஞாயிறு கழிவதில்லை.

ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது எனக்கு ஒரே பயம். அம்மாவின் வயது அம்மாவுக்கே தெரியாது. ஓட்டு லிஸ்டில் முப்பத்தாறு என்றுதான் இருந்தது.

"அதிகாரிகிட்டயே பொய் சொல்லிட்டியேம்மா. மாட்டிக்கினா இன்னா பண்ணுவ?"

"கணக்கு சரியாத்தாண்டி சொன்னேன்" என்று அம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் செபம் சொல்லும்போது, அம்மா சொன்ன பொய்யை மன்னிக்கச் சொல்லி, அவளுக்காக நான் ஒரு செபம் கூடுதலாகச் சொல்லிவைத்தேன்.