காய்ச்சல் கேப்டனின் நாற்காலி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பட்டப்பகலில் ஒரு மணிக்குப் பேய் வருமா என்று கேட்டுச் சிரித்த இரண்டு பேரை அந்தக் குன்றுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். வாசற்படி வரை வீராப்பாக வந்தார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. நடந்தது 1998 ஜூலை 10, வெள்ளிக்கிழமை. இடம் மலேசியாவின் மலாக்கா. நடந்தது எனக்குத்தான், யாரோ சொல்லிக் கேட்டதில்லை.

என் பெயர் எவரிஸ்ட் தெசேரா. போர்த்துக்கீசிய வம்சாவளியினர் வாழும் குடியிருப்பில் அப்போது நான் தச்சன். அந்த வருடம் குன்றுச் சரிவில் இருந்த ஒரு பழைய வீட்டை 'ஆளுநர் இல்லம்' என்று பெயர் வைத்துக் காட்சிக்கூடமாக்கினார்கள். இந்த ஊரை ஆண்ட போர்த்துக்கீசிய கேப்டன்கள், டச்சு கவர்னர்கள், கடைசியாக வந்த இங்கிலீஷ்காரர்கள் என எல்லாரையும் வரிசையாகச் சுவரில் மாட்டத் திட்டம். ஆனால் பாதிப் பேருக்குப் படமே கிடைக்கவில்லை. ஓவியர் சியா நேராக எங்கள் குடியிருப்புக்கு வந்தார். மூக்கு நீண்ட ஆண்களாகப் பார்த்துப் பதினோரு பேரைப் பொறுக்கினார். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு கோட்டு. உட்கார வைத்து வரைந்து தள்ளிவிட்டார்.

என் முகம் கேப்டன் கஸ்பார் லெமோஸுக்குப் போனது. கப்பலை விட்டு இறங்கி, நாலே மாதம் ஆண்டு, காய்ச்சலில் செத்துப்போன மனிதர். என் பால்ய சிநேகிதன் லூசியன் டங்கரின் முகம் டச்சு கவர்னர் வான் டோர்னுக்கு. பதினாறு வருட ஆட்சி. வெல்வெட் கோட்டு, இடுப்பில் வாள், காலடியில் நாய் வேறு.

பட்டப்பெயர் வைக்க எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் லூசியன் ஊருக்கே 'கவர்னர்' ஆகிவிட்டான். மீன் ஏலத்தில் கவர்னர், மாதா கோயில் வாசலில் கவர்னர், கள்ளுக்கடையில்கூட கவர்னர். நான் 'காய்ச்சல் கேப்டன்'. தும்மினால் போதும், "கேப்டனுக்கு நாள் நெருங்கிடுச்சுப்பா" என்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ரோசில்டா சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ரோசில்டா என் மனைவி. எனக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டவன் லூசியன். அவள் அப்பா மறுத்துவிட்டார். அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் என் வயிற்றில் அந்த முள் இருந்தது. அவன் வீட்டுக்கு வந்தால் அவள் எத்தனை தடவை சிரித்தாள் என்று எண்ணுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எண்ணினேன்.

ஜூன் 29, புனித பேதுரு திருவிழா. படகுகளுக்கு அலங்காரம், பாதிரியாரின் மந்திரிப்பு, பிறகு ஆட்டம். லூசியன் வெல்வெட் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"கவர்னர் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லலாமா ரோசில்டா? ஒரே ஒரு ஆட்டம்."

"வீட்டுக்காரரைக் கேளுங்க."

"டேய் கேப்டன், என்னடா சொல்ற? இல்ல காய்ச்சலா?"

கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆடினாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"அவன்கூட ஆடணும்னு அவ்வளவு ஆசையா?"

"பன்னிரண்டு வருஷமா இதையேதான் கேக்குறீங்க. எனக்கு அலுத்துப்போச்சு. இன்னொரு தடவை கேட்டீங்கன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் போய்விடுவாள். போனால் அவனிடம்தான் போவாள். என் புத்தி அந்த ஒரே பாதையில்தான் ஓடியது.

அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். ஒவ்வொரு ஓவியத்துக்கும் அடியில் பித்தளைத் தகடு இருந்தது. பெயர், ஆண்ட வருடம் எல்லாம் அதில்தான். தகட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் அவர்கள் எழுதுவார்கள். லெமோஸின் தகட்டையும் வான் டோர்னின் தகட்டையும் மாற்றிவிட்டால்? பத்திரிகையில் என் முகத்துக்குக் கீழே பதினாறு வருட கவர்னர், அவன் முகத்துக்குக் கீழே நாலு மாதக் காய்ச்சல். ரோசில்டா அதைப் படிப்பாள். சின்னப்பிள்ளைத்தனம்தான். பொறாமை பிடித்தவனுக்கு வயது ஏது?

ஜன்னல் சட்டங்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் இருந்தது. அதனால் உள்ளே போவது சுலபம். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக 12:15 முதல் 2:45 வரை கூடத்தை மூடிவிடுவார்கள்.

"நான் பூட்டிட்டுப் போறேன். நீ உள்ளேயே இருந்து வேலையப் பாரு" என்றார் காவலாளி பாக் மன்சூர். "பின்கதவுக்கு உள்தாழ் மட்டும்தான் போட்டிருக்கு. காத்துக்குத் திறந்து வச்சுக்கோ. அந்த நாற்காலியில மட்டும் உக்காராதே."

"ஏன்?"

"நான் உக்கார்றதில்ல. அவ்வளவுதான்."

லெமோஸ் ஓவியத்துக்கு எதிரே கயிறு கட்டிய ஒரு நாற்காலி. வீட்டோடு வந்த பழைய சாமான், லெமோஸ் உட்கார்ந்தது என்றார்கள். பிரம்பு பின்னல், சிவப்பு மெத்தை. 12:15க்கு வாசல் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்து வைத்தேன். வெளியே சுற்றுலா ரிக்‌ஷாக்களின் ரேடியோப் பாட்டுச் சத்தம், ஒரே வெயில்.

12:40க்கு வான் டோர்னின் தகட்டைக் கழற்றினேன். நாலு திருகாணி. ஐந்து நிமிட வேலை. அதைத் தரையில் வைத்தேன். பிறகு லெமோஸிடம் வந்தேன். முதல் திருகாணி சுலபமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதைத் திருகும்போது பின்னால் பிரம்பு கிறீச்சிட்டது.

திரும்பினேன். நாற்காலி காலி. கயிறு அப்படியே இருந்தது. பழைய பிரம்பு, வெயிலுக்குச் சத்தம் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தச்சனுக்குத் தெரியாதா?

மூன்றாவது வந்தது. 12:58. கடிகாரம் பார்த்தது நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்போதுதான் ரிக்‌ஷா பாட்டு நின்றது. பாதி வரியில் நின்றது.

நாலாவது திருகாணி அசையவில்லை. அழுத்தினேன். வியர்வை வழுக்கியது. திருப்புளி கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தேன்.

தகட்டில் நாலு திருகாணியும் இருந்தன.

நான் கழற்றிய மூன்றும் என் சட்டைப் பையில் இருக்க வேண்டும். கை விட்டுப் பார்த்தேன்... ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். வான் டோர்னின் தகடும் அதன் இடத்தில் இருந்தது. இறுக்கமாக.

போதும், போய்விடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அப்போதுதான் ஓவியத்தைப் பார்த்தேன். என் முகம். என் கண்கள். சியா வரைந்தபோது நேராகப் பார்க்கும்படிதான் உட்கார வைத்தார்.

இப்போது அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை.

என் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். காய்ச்சல்காரன் விடுகிற மூச்சு. சூடு என் கழுத்தில் பட்டது.

கிறீச்...

கயிறு தரையில் விழும் சத்தம்.

"நாலு மாசம்தான்..."

எங்கள் குடியிருப்பின் போர்த்துக்கீசிய பாஷைதான். ஆனால் பழசு. கோயிலில் மட்டும் கேட்கிற பழசு.

"அவங்களுக்கெல்லாம் எவ்வளவு காலம்... எனக்கு மட்டும் நாலு மாசம்..."

அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை. எனக்குத் தெரியும் அது என்ன என்று. பன்னிரண்டு வருடம் என் வயிற்றில் இருந்தது அதுதான்.

1:12.

திரும்பினேன்.

...

அடுத்து எனக்கு நினைவிருப்பது, குன்றுக்கு அடியில் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கடிகாரத்தில் 1:31. காலில் செருப்பு இல்லை. நடுவில் பத்தொன்பது நிமிடங்கள் என்னிடம் இல்லை. வெயில் முகத்தில் அடித்தது. அவ்வளவு நன்றாக இருந்தது அந்த வெயில். அங்கேயே நின்று அழுதேன்.

திங்கட்கிழமை பாக் மன்சூர் என் கருவிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். தகடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தனவாம், ஒரு கீறல்கூட இல்லையாம், உள்ளே ஆள் யாரும் இல்லையாம். கூடவே ஒரு சாப்பாட்டு அடுக்கையும் கொடுத்தார்.

"பின்கதவுக்கு வெளியே கிடந்தது. கதவு வெளியே கொண்டி போட்டிருந்துச்சு. நீ போட்டியா?"

நான் போடவில்லை. அடுக்கு ரோசில்டாவுடையது. அவளைக் கேட்டேன்.

"லூசியன் அந்தப் பக்கம் போறேன்னாரு, கொடுத்து அனுப்பினேன். ஏன், சாப்பிடலையா?"

இதைக் கேட்டால் முன்பு எனக்குப் பற்றி எரிந்திருக்கும். அன்று ஒன்றும் எரியவில்லை. லூசியனிடம் போய்க் கேட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்த டிசம்பரில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோய்விட்டான். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

நான் தச்சுவேலையை விட்டுவிட்டேன். எவ்வளவு பார்த்து அடித்தாலும் ஆணி நேராக இறங்கவில்லை. ஒரு படகு வாங்கினேன். கடல் எனக்குப் பிடித்துப்போயிற்று. ரோசில்டா என்னை விட்டுப் போகவில்லை. அந்தக் கேள்வியை நான் அவளிடம் மறுபடி கேட்கவே இல்லை. 2006இல் காட்சிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஓவியங்களும் நாற்காலியும் உள்ளேயே கிடக்கின்றன என்று கேள்வி.

2019, அதே பேதுரு திருவிழா. லூசியன் வந்திருந்தான். தலை முழுக்க நரை. மாலை 4:10 இருக்கும். படகுகளுக்கு அந்தப் பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். பக்கத்தில் வரவில்லை, நாலடி தள்ளியே நின்றான்.

"ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"கேளு மச்சான்."

"மச்சான்னு கூப்பிடாதே." அவன் இன்னும் ஒரு அடி பின்னால் போனான். "அன்னைக்கு நான் சாப்பாடு எடுத்துக்கிட்டு பின்கதவுக்கு வந்தேன். உள்ள எவரிஸ்ட் படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தான். நாற்காலியிலயும் எவரிஸ்ட் உக்காந்திருந்தான்."

நான் படகின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"ஒருத்தன் எழுந்து என்னைத் தாண்டி ஓடினான். என்னை யாருன்னே அவனுக்குத் தெரியல. கதவுப் பக்கம் நின்ன என்னை ஒரு பொருளைப் பாக்குற மாதிரி பாத்துட்டு ஓடினான். வெறுங்கால்."

"யாரு ஓடினது?"

"நாற்காலியில இருந்தவன்."

அலை ஒன்று வந்து படகைத் தட்டியது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"நின்னுக்கிட்டிருந்தவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். 'லூசியன், போகாதடா, லூசியன்'னு கத்தினான். அவனால ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியல. நான் பயந்துட்டேன். கதவச் சாத்திக் கொண்டி போட்டுட்டு ஓடிட்டேன். இருபத்தோரு வருஷமா அந்தக் குரல் காதுல கேக்குது. உண்மையச் சொல்லு... நீ யாரு?"

நான் எவரிஸ்ட் தெசேரா என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனான்.

அன்று இரவு சாப்பிடும்போது ரோசில்டாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நான் முன்னாடி எப்படி இருந்தேன்? அந்த 98க்கு முன்னாடி?"

அவள் யோசிக்கவே இல்லை.

"அந்த ஆளை விடுங்க. எப்பப் பாத்தாலும் சந்தேகம், முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு. அவரை எனக்குப் பிடிச்சதே இல்லன்னு இப்பச் சொன்னா என்ன? நீங்கதான் என் புருஷன்."

என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

பூட்டிய கூடத்தில் நின்று, சிநேகிதன் பெயரைச் சொல்லி அழுத அந்த மனிதனுக்காக எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்தது சந்தோஷம். நாலு மாதம் இல்லை, இருபத்தோரு வருடம்.