கேசட்டில் வந்த கார்கள்

எங்கள் தெருவில் கல்யாணமான பெண்களுக்கெல்லாம் வளைகுடாவிலிருந்து கேசட் வரும். கடிதம் எழுதி அலுத்துப்போன கணவன்மார்கள் அறையில் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். பக்கத்து வீட்டு லாத்தாவுக்கு வந்த கேசட்டில் அவள் கணவர் பாதி நேரம் அழுதார். எதிர்வீட்டுக்காரிக்கு வந்ததில் பாட்டு இருந்தது. எனக்கு வந்த முதல் கேசட்டில் கார் ஓடியது.

என் கணவர் சார்ஜாவில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தார். பெண் பார்க்க வந்தபோது என் வாப்பாவிடம் அப்படித்தான் சொன்னார்கள். பழுதான வண்டியைச் சரிசெய்கிற வேலை என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். அவர் செய்தது நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போட்டு இன்னும் வேகமாக ஓட வைக்கிற வேலை. அங்கே வசதியான வீட்டுப் பையன்கள் ஜப்பானிலிருந்து வருகிற வேகக் கார்களை வாங்குவார்கள். வாங்கிய மாதமே அது போதாமல் போய்விடும். இவரிடம் கொண்டுவந்து விடுவார்கள். பிஸ்டன், சைலன்சர், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றி, வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்ததும் ஊருக்கு வெளியே பாலைவனத்து ரோட்டில் இரண்டு கார்களை அருகருகே ஓடவிட்டு எது முந்துகிறது என்று பார்ப்பார்கள். இதெல்லாம் கல்யாணத்தின்போது எனக்குத் தெரியாது. அந்த விடுமுறையில் எங்களுக்குள் பேச்சே குறைவு. அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம்.

அந்தக் கேசட்டை மதியம் உம்மா கண்ணயர்ந்த பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, இரண்டு வார்த்தை பேசியிருந்தார். அதன் பிறகு காற்று இரைச்சல். "இப்ப நீலக் கார் வருது புள்ள, கேளு" என்று கத்தினார். தூரத்தில் வண்டு போல ஒரு ரீங்காரம் எழுந்தது. வளர்ந்து வளர்ந்து கீச்சென்று உச்சிக்குப் போய் அப்படியே கடந்து போனது. "இது செவப்பு. ரெண்டுல எது நல்லா இருக்குன்னு சொல்லணும் நீ." மறுபடியும் அதே மாதிரி ஒரு சத்தம்.

உம்மா எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா இது, வீட்டுக்குள்ள லாரி பூந்த மாதிரி? மாப்புள என்ன பேசுறாரு?"

"நல்லாருக்காகளாம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்தது. மற்றவர்களுக்கு வருகிற மாதிரி எனக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்றுதான்.

பதில் கேசட்டில் கோபத்தை மறைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு மச்சான்" என்று பேசி அனுப்பினேன். அடுத்த கேசட்டில் அவர் சிரித்தார். கல்யாணமாகி அவர் வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் முதலில் கேட்டேன். பிறகு பொறுமையாக விளக்கினார். "நீலத்துக்கு ஆறு சிலிண்டர். வெயிட்டு ஜாஸ்தி. கோவம் லேட்டா வரும், வந்தா அடங்காது. செவப்புக்கு நாலுதான். லேசான வண்டி. தொட்டாலே எகிறும். வெளிய போற பொகையவே ஒரு காத்தாடியச் சுத்த வச்சு, அந்தக் காத்தாடி எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கிக் குடுக்கும். அதுக்குப் பேரு டர்போ. அதுதான் விசிலடிக்குது, கேட்டியா?"

கேட்டது. ஒரு தடவை காதில் விழுந்த பிறகு அது கேட்காமல் போகவில்லை.

அப்படித்தான் எங்கள் குடித்தனம் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் கேசட். புதிதாக ஒரு கார் வந்தால் பிரிப்பதற்கு முன் ஒன்று, மாற்றிய பின் ஒன்று என்று பதிவுசெய்து அனுப்புவார். எது முன், எது பின் என்று நான் சொல்ல வேண்டும். பாதி நேரம் தப்பாகச் சொன்னேன். அது அவருக்குப் பொருட்டாகவே இல்லை. தான் கேட்பதை இன்னொருவரும் கேட்கிறார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. எங்கள் மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது, வாப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று அங்கே கேட்டதற்கு, "காரக் கத்த வைப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

நீலக் கார் ஓர் இளவயது அரபிக்காரனுடையது. அவனுக்கு அப்போது மீசை சரியாக முளைத்திருக்காது என்பார். என் கணவருடன் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவான். அவருடைய மலையாளச் சக வேலையாட்களிடம் பத்து வார்த்தை கற்றுக்கொண்டு அதையே தமிழ் என்று நினைத்து அவரிடம் பேசுவான். நாலைந்து வருஷம் அந்தக் காரை இருவரும் திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டினார்கள். கேசட்டில் அவன் குரலும் வரும். ஒருமுறை என்னைப் பார்த்துச் சொல்வதுபோல, "சிஸ்டர், நீலம் நல்லா, சிவப்பு மோசம்" என்று கத்தினான். என் கணவர் பின்னால் நின்று சிரித்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கேசட் வந்தது. போட்டேன். கார் சத்தம் இல்லை. அவர் குரல் மட்டும் வந்தது.

"அந்தப் பையன் மவுத்தாயிட்டான் புள்ள."

வெள்ளிக்கிழமைப் பந்தயத்தில் பின் டயர் வெடித்திருக்கிறது. கார் ரோட்டை விட்டு இறங்கி மணலில் உருண்டிருக்கிறது. இவர்தான் முதலில் ஓடிப்போய்க் கதவை இழுத்திருக்கிறார், அதற்குள் உயிர் போயிருக்கிறது. டயர் வெடித்ததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று பையனின் வாப்பாவே சொல்லி, இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனாராம். "திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். அத்துடன் கேசட் ஓடி முடிந்தது. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன். வெற்றாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கேசட் அனுப்பவில்லை. ஒரு வருஷம் கழித்து, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். பெட்டியில் எனக்கு இரண்டு சேலை, பிள்ளைக்குப் பொம்மை. அவற்றுக்குக் கீழே, துணியில் பொதிந்து தேங்காய் அளவில் ஓர் இரும்புச் சாமான். பழைய சாமான் கடையில் வாங்கிய சின்ன டர்போ.

இராமநாதபுரம் போகிற ரோட்டில் ஒரு கொட்டகை போட்டார். பலகையில் ஜப்பான் கார் ஸ்பெஷலிஸ்ட் என்று எழுதி வைத்தார். எங்கள் பக்கத்தில் அப்போது இருந்ததெல்லாம் பழைய அம்பாசடர்கள், ஜீப்புகள், ஜப்பான் எஞ்சினில் ஓடுகிற சின்னக் கார்கள். இராமேஸ்வரத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிப்போகும் டிரைவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். நான் மதியச் சோறு கொண்டுபோகும்போது அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

"பாய், லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் குடுக்குற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க."

"பிக்கப் ஏத்தித் தரவா? மண்டபம் ரோட்டுல சும்மா பறக்கும்."

"பறந்து என்னத்துக்கு பாய்? பின்னாடி அறுவது வயசு ஆளுகளத்தான உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறோம். மைலேஜ் மட்டும் பாருங்க."

சொன்னதைச் செய்துகொடுத்தார். பிளக் மாற்றினார், பிரேக்கைச் சரிசெய்தார், உப்புக்காற்றில் அரித்துப்போன சைலன்சருக்கு ஒட்டுப்போட்டார். எங்கள் ஊர்க் காற்றில் எந்த இரும்பும் இரண்டு மழைக்காலம் தாங்காது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தது. வீட்டில் கோபப்படவில்லை, குறை சொல்லவில்லை. சாப்பிட்டுக் கைகழுவி, வாசலில் போகிற வண்டிகளைப் பார்க்காமல் உள்முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஒரு நாள் யாரோ தள்ளிவிட நினைத்த ஒரு சின்னக் காரை வாங்கிவந்தார். வெளுத்துப்போன பச்சை. மூன்று சிலிண்டர் எஞ்சின். அந்த டர்போவை அதில் மாட்ட ஆரம்பித்தார். மாதக்கணக்கில் நடந்தது. குழாய் வளைக்க மதுரைக்குப் போனார். பொருந்தாததை அறுத்து மறுபடி பற்றவைத்தார். அந்த மாதங்களில் அவர் என்னிடம் பேசினார். சோறு கொண்டுபோனால் என்னை எஞ்சின் பக்கத்தில் நிறுத்தி, "இங்கன பாரு, இதுலதான் காத்து உள்ள போகும்" என்று காட்டினார். கேசட்டில் வந்த குரல் மறுபடி வந்துவிட்டது என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரு பயமும் இருந்தது. கொட்டகைக்கு வருகிறவர்கள் அந்தக் காரைப் பார்த்துவிட்டுத் தங்கள் வண்டியை வேறு இடத்துக்கு ஓட்டிப்போக ஆரம்பித்திருந்தார்கள். "இவருகிட்ட விட்டா நம்ம வண்டியையும் நோண்டிருவாரு" என்று பேச்சு.

கார் தயாரானதும் முதலில் என்னைத்தான் ஏற்றினார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். காலை வெயில் ஏறியிருந்தது. இராமநாதபுரம் தாண்டும் வரை சாதாரணமாக ஓட்டினார். உச்சிப்புளிக்குப் பிறகு ரோடு நேராக விரிந்தது. இரண்டு பக்கமும் பனை, முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ்.

"புடிச்சுக்க புள்ள" என்றார்.

விசில் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் வெளியிலிருந்து கேட்டு வந்தவள், வருஷக்கணக்காக, ஒரு சின்னப் பெட்டியின் வழியாக. அது நான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே எழுந்து முதுகை சீட்டோடு அழுத்தியது. பஸ் பின்னால் போனது. முக்காடு காற்றில் பறந்து கழுத்தில் கிடந்தது, நான் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கேசட்டில் மட்டும் கேட்ட அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். கீழ்ப்பல் ஒன்று சற்று உள்ளே தள்ளியிருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மண்டபம் நெருங்கும்போது எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குவது போலக் கேட்டது. அவர் முகம் மாறியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். அதற்குள் டமாரென்று ஓர் அடி, வெள்ளைப் புகை, பிறகு ஒன்றுமில்லை. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் நின்றது. இராமேஸ்வரத்துக்குப் போகிற பாலத்தின் ஏற்றம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது.

இறங்கி மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார்.

"பிஸ்டன் உருகிருச்சு. இந்தப் பெட்ரோலு அந்தக் காத்துக்குத் தாங்கல."

"சரி பண்ணிரலாம் மச்சான்."

"பண்ணலாம்" என்றார். "மறுபடி உருகும்."

நாங்கள் முந்திவந்த பஸ் வந்து எங்களைக் கடந்தது. ஜன்னலோரத்தில் இருந்த வடக்கத்தி ஆட்கள் புகையைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் மீன் ஏற்றிப்போன ஒரு மினிலாரி நின்றது. அதில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். வழி முழுக்க ஐஸ் கரைந்த மீன்தண்ணீர் லாரியிலிருந்து ஒழுகி எங்கள் கண்ணாடியில் தெறித்தது. அவர் வைப்பரைப் போடவில்லை. அந்த ஈரத்தின் வழியாகவே பார்த்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

அந்த வருஷமே கொட்டகையைப் பிரித்தார். சாமான்களை மதுரைக்காரர் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போனார். மறுபடி வளைகுடாவுக்குப் போக ஏஜெண்டைப் பிடித்தார். பழைய கராஜ் மாதிரி இடங்களில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான், சின்னப் பையன்கள் வயரைச் சொருகி உட்கார்ந்த இடத்தில் வேகத்தை ஏற்றுகிறார்கள், உங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்தது வீட்டு டிரைவர் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அந்த வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கறிவேப்பிலை வாங்கிவருவது. போனார்.

கேசட்டுக்குப் பதில் போன் வந்துவிட்டது. வாரம் ஒரு தடவை பேசுவார். பேசுவதற்கு இருவரிடமும் ஒன்றும் இருக்காது. மழை பெய்ததா, பிள்ளை படிக்கிறாளா. ஒருமுறை, அந்த வீட்டு மூத்த பையன் புதிதாக ஒரு ஜப்பான் வேகக் கார் வாங்கியிருக்கிறான் என்றார். எனக்கு ஆவலாக இருந்தது.

"நீங்க தொறந்து பாத்தீகளா?"

"தொறக்கக்கூடாதாம். தொட்டா கம்பெனிக்காரன் கேரண்டி தரமாட்டானாம். கழுவி மட்டும் விடச் சொல்லியிருக்கான்."

"கழுவுறீகளா?"

"தெனமும்."

பிள்ளைக்குச் சளி என்று சொன்னேன். கஷாயம் கொடு என்றார்.

மகள் கல்யாணத்துக்கு இரண்டாயிரத்து ஒன்பதில் வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. காலில் சர்க்கரைப் புண் ஆறாமல் இருந்தது. மாப்பிள்ளையும் வளைகுடாவில்தான் வேலை, கணக்கர். நல்ல பையன். மாமனாரைப் பற்றி மகள் எல்லாம் சொல்லி வைத்திருந்திருக்கிறாள் போல. விருந்துக்கு வந்த அன்று, பெரியவரைப் பேச வைக்க வேண்டும் என்று ஆசையோடு கேட்டார்.

"மாமா, அங்கன ஒரு செகண்ட்ஹேண்டு கார் எடுக்கலாம்னு இருக்கேன். ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ரெண்டும் ஜப்பான்தான். ஒண்ணு ஆறு சிலிண்டர், ஒண்ணு நாலு. நீங்கதான் சொல்லணும், எது நல்லா இருக்கும்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் சோற்றுக்கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். ஏதாவது சொல்லுவார், இப்போது ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசுவார் என்று நினைத்தேன்.

"எதுன்னாலும் ஒண்ணுதான் மாப்புள" என்றார். "வெள்ளக் கலரா எடுங்க. வெயிலு தெரியாது."

பிறகு கறியைப் பிசைந்து சாப்பிட்டார்.

விடுமுறை முடிந்து கிளம்பும் நாளில் இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். திருச்சி போய் அங்கிருந்து விமானம். இன்னும் இரண்டு வருஷம், அப்புறம் வந்துவிடுகிறேன் என்றார். இதை அவர் சொல்லி நான் கேட்பது எத்தனையாவது தடவை என்று எனக்கு நினைவில்லை. கால் புண்ணுக்கு மருந்தை மறக்க வேண்டாம் என்றேன். சரி என்றார். பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கையசைக்கலாம் என்று நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். அதற்குள் அவர் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். பஸ் இன்னும் கிளம்பவில்லை. டிரைவரே ஏறவில்லை.